ஓரணாத் தீர்மானம்

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள கல்லூரி ஒன்று சர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரை நீதிக்கட்சியின் தலைவராகப் பலரும் அறிவர். ஏழைப் பிள்ளைகளின் பசியும் அவர் காலத்தில்தான் மாநகராட்சியின் தீர்மானத்தில் இடம்பெற்றது.

1920-இல் அவர் தலைமை வகித்த சென்னை மாநகராட்சி மன்றத்தின் முன் ஆயிரம் விளக்குப் பள்ளியின் நிலை வந்தது. அங்குப் பயின்றோர் வறிய சிறுவர். வறுமையால் மாணவர் தொகை குன்றியிருந்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது. ஆயினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய அரசு இசையவில்லை. 1925 ஏப்ரல் 1 முதல் திட்டம் தடைப்பட்டது. அவ்வாண்டிலேயே தியாகராயரும் மறைந்தார். ஈராண்டுக்குப் பின் திட்டம் மீண்டு, 25 பள்ளிகளில் ஏறத்தாழ 1,000 ஏழை மாணவர்க்குப் பயன் தந்தது. இடையில் பசியோடு படிப்பை விட்ட பிள்ளைக்கு அக்காலத்தை யார் மீட்டுத் தருவார்?

மத்ரஸாவையும் பள்ளியையும் நடத்தும் நம் நிர்வாகிகள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மஷூராவில் அமர்ந்து ஒரு செலவைக் குறைக்குமுன், அதனால் வகுப்பை விட்டு நீங்கும் பிள்ளை யார் எனக் கேட்பது கடமை. பொறுப்பு ஓர் அமானிதம். அதற்கான விசாரணை ஆண்டுத் தணிக்கையோடு முடிவதில்லை.