பூண்டுலோயாவின் மண்ணும் தண்ணீரும்: வாடகை யாருக்குப் போகிறது?

பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தேயிலை மலைகள் கம்பனிகளுக்குச் சொந்தமானவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றில் பெரும்பகுதி அரச காணி. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நட்டத்தில் மூழ்கிய பிறகு, 1992இல் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. மண் கைமாறவில்லை. இன்று நடப்பில் இருப்பது 53 ஆண்டுக் குத்தகை.

அந்தக் குத்தகைக்கு எவ்வளவு? கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில், யாரும் படிக்காத கணக்குக் குறிப்புகளுக்குள் விடை இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு ஆண்டுக்கு 500 ரூபா. ஏக்கருக்கு அல்ல, முழுத் தோட்டத்துக்கும்தான். 1996 ஜூன் முதல் அது பலமடங்கு உயர்த்தப்பட்டு, விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் கூடும்படி மாற்றப்பட்டது. பின்னர் பங்குகள் விற்கப்பட்டபோது தொழிலாளருக்கும் 10 வீதம் இலவசமாகப் பகிரப்பட்டது. பங்கை விற்றால் அதோடு முடிந்தது. வாடகையோ ஆண்டுதோறும் வருவது. அது அரசின் பொதுக் கணக்கில் கலந்துவிடுகிறது.

லயத்துக்குப் போகும் பாதையைப் பிரதேச சபை போட்டுத்தரக்கூடாதா என்று கேட்கலாம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கவே தடையிருந்தது. வாக்குக் கேட்க மட்டும் உள்ளே வரலாம். அதே 2018 ஓகஸ்டில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 தனி வீடுகள் கையளிக்கப்பட்டன. அவை இந்திய அரசின் நன்கொடை. ஒன்றரை நூற்றாண்டாக அந்நியச் செலாவணி ஈட்டித்தந்த மலையில், வீடு கட்ட இன்னொரு நாட்டின் பணம் வேண்டியிருந்தது.

தண்ணீரின் கதையும் இதுதான். இந்த மலைகளின் ஓயாக்கள் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகின்றன. சுவீடன் உதவியுடன் கட்டிய கொத்மலை நிலையம் 201 மெகாவாட். ஜப்பான் கடனில் கட்டி 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை 150 மெகாவாட். அதற்காகத் தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சென் கிளெயர் நீர்வீழ்ச்சியில் பகலில் தண்ணீர் விடவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அழகுக்கு நிபந்தனை இருந்தது. மின்சார வருமானத்தில் ஊருக்குப் பங்கு என்ற நிபந்தனை இல்லை.

நோர்வே என்றால் எமக்கு 2002ஆம் ஆண்டின் ஒப்பந்தம்தான் ஞாபகம் வரும். எண்ணெய் நிதியம் தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் எண்ணெய்க்கு வெகு முன்பே, 1917இல், அந்நாடு ஆறுகளுக்குச் சட்டம் செய்தது. அருவியைப் பயன்படுத்தும் கம்பனி, மின்சாரத்தில் 10 வீதம்வரை அந்த ஊர்ச் சபைக்கு ஏறக்குறைய அடக்க விலையில் தரவேண்டும். ஆண்டுக் கட்டணமும் கட்டவேண்டும். தனியாருக்குக் கொடுத்த அனுமதி முடிந்ததும் நிலையமே இழப்பீடின்றி அரசுக்குத் திரும்பும். இந்தியாவும் 2015இல், சுரங்கக் குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகைக்கு மேலதிகமாக, அதில் 10 முதல் 30 வீதம்வரை மாவட்ட நிதியத்துக்குக் கட்டச் சட்டம் செய்தது.

வடக்கு கிழக்கில் இதை வாசிப்பவர்களுக்குப் புல்மோட்டை இல்மனைற்று மணலும் காங்கேசன்துறைச் சுண்ணக்கல்லும் ஞாபகம் வரும். 77, 83 வன்செயல்களில் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கே போரையும் கண்ட குடும்பங்களுக்கு இரண்டு கணக்கும் சொந்தக் கணக்கு.

53 ஆண்டு 2045 ஜூனில் முடிகிறது. தேயிலையை மறுநடுகை செய்து பலன் காண ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், நீட்டிப்புப் பேச்சு அதற்கு வெகு முன்பே வரும். புதிய ஒப்பந்தத்தில் கேட்கவேண்டியவை அதிகமில்லை: குத்தகையில் ஒரு நிலையான வீதம் அந்தந்தப் பிரதேச சபைக்கு, தோட்டவாரியாகப் பகிரங்கக் கணக்கு, வீட்டுக்கும் பயிருக்குமான காணியைக் குத்தகையிலிருந்து முன்கூட்டியே பிரித்து உறுதியோடு குடும்பங்களுக்கு வழங்குதல். மூன்றாவதை முதலில் கேட்கவேண்டும் என்பேன். கையெழுத்து விழுந்த பிறகு காணியைப் பிரிக்கக் கம்பனியின் சம்மதம் தேவைப்படும்.