பெயரைச் சொல்லாதே!

மாமல்லபுரம் போனால் கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். பாறைமேல் ஏறி ராமானுஜ மண்டபத்தையும் பாருங்கள். பல்லவர் காலத்தில் குடைந்த சிவன் கோயில் அது. உள்ளே மூன்று கருவறைகள் இருந்தன. பிற்பாடு வந்தவர்கள் தடுப்புச் சுவர்களை இடித்து, சிற்பங்களை உளியால் மழித்து, சங்கு சக்கரம் செதுக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மனதில் ருத்ரனுக்கு இடம் தராதவர்களை ஆறு தடவை சபிக்கும் கல்வெட்டு அங்கேயே தரையில் இருக்கிறது! உளிக்காரர்கள் அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போயிருக்க வேண்டும்.

ஆக, திட்டு பலிக்கவில்லை. சரி, கண்டுகொள்ளாமலே விட்டிருந்தால்? அப்போதும் நின்றிருக்காது. அவர்கள் பெயர் தேடி வந்தவர்கள் இல்லையே. பெயருக்காகவே நாசம் பண்ணுகிறவன் வேறு ரகம்.

கி.மு. 356. இன்றைய துருக்கியில் உள்ள எபேசஸ் நகரம். அங்கே ஆர்ட்டெமிஸ் தேவியின் கோயில், பழைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. ஒருத்தன் தீ வைத்துவிட்டான். ஏன்டா என்று வதைத்துக் கேட்டதற்கு, உலகம் பூரா தன் பேர் தெரியணும் என்றானாம்! கொதித்துப்போன ஊர், அவன் பெயரை யாரும் உச்சரிக்கவே கூடாது என்று தீர்மானம் போட்டது. பலே தண்டனை, இல்லையா? ஆனால் தியோபாம்பஸ் என்ற சரித்திர ஆசிரியர் தன் நூலில் பெயரை எழுதிவைத்துவிட்டார். ஊரே வாயை மூடினாலும், பேனா பிடிக்கிற ஒரு ஆள் போதும், எல்லாம் வீண். (நான் எழுதப்போவதில்லை!)

நியூயார்க்காரர்கள் கெட்டி. சுரங்க ரயில் பெட்டியெல்லாம் கிறுக்கலாக இருந்த காலம். 1984-ல் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி கிறுக்கினால், அழித்த பிறகுதான் அது பயணிகள் கண்ணில் படும். ராத்திரி பூரா விழித்து வரைந்தவனுக்கு ரசிகர் ஒருத்தர்கூட இல்லை. 1989 மே மாதம் கடைசிக் கிறுக்கல் பெட்டியும் ஓட்டத்திலிருந்து போனது. நான் பி.காம். படித்தவன். வரவே இல்லாத கணக்கில் எவன் முதல் போடுவான்?

நம் பாறையில் அது நடக்காது. ஆணியால் கீறியதை அழிக்கப்போனால் சிற்பமும் சேர்ந்து தேயும். சட்டம் இருக்கிறது. 2010 திருத்தத்துக்குப் பிறகு 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நானும் ஒரு தப்பு பண்ணியிருக்கிறேன். ஒருமுறை அங்கே குகைச் சுவரில் கீறியிருந்த பெயரை அப்படியே பத்திரிகையில் போட்டுக் கிழிகிழியென்று கிழித்தேன். அடுத்த மாதம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு பையன் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தான். பர்ஸிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பிரித்தான். நாலாக மடித்து, பத்திரமாக வைத்திருந்தான்.

“சார், அது நான்தான்!”

என் டீக்கும் அவனே காசு கொடுத்தான்.