எதிர்காலத் தலைமுறையினர் நல்வாழ்வுச் சட்டம் (வேல்ஸ்)

வேல்ஸ் தேசியப் பேரவை 2015-இல் இயற்றிய சட்டம். இன்னும் பிறக்காதவர்களுக்கு ஓட்டு கிடையாது. அடுத்த தேர்தலை மனத்தில் வைத்து ஆள்பவர்கள் அவர்களை எளிதில் மறந்துவிடுகிறார்கள். மக்களாட்சியின் இந்தப் பெருங்குறையை நேரடியாகத் தொட்டதே இச்சட்டத்தின் சிறப்பு. அரசும் உள்ளாட்சிகளும் சுகாதார வாரியங்களும் 7 நல்வாழ்வு இலக்குகளை முன்வைத்துச் செயல்பட வேண்டும். இதைக் கண்காணிக்கத் தனி ஆணையர் உண்டு. முதல் ஆணையர் சோஃபி ஹவ், நியூபோர்ட் அருகே எம்4 நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்ட புதிய சாலையை வெளிப்படையாக எதிர்த்தார். குவென்ட் லெவல்ஸ் ஈரநிலத்தின் வழியே செல்லவிருந்த அத்திட்டத்தை, செலவையும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் காரணம் காட்டி, 2019 ஜூனில் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட் கைவிட்டார். ஆணையர் ஆய்வு நடத்தலாம், பரிந்துரைக்கலாம். அரசின் முடிவை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை.