சுருதி இறக்கிப் பாடியவர்கள்

இலக்கிய உரைத் தொடரொன்றில் மேனாட்டு றொக் இசைக்கு என்ன அலுவல் என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் புறநானூற்றின் 243ஆம் பாடலை வகுப்பிற் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் என் நினைவு அந்த இசைக்காரரிடமே போய் நிற்கிறது. தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் பெற்ற புலவர் பாடியது அது. கோலூன்றி, இருமலுக்கிடையே பேசும் முதியவர் ஒருவர், சிறு பராயத்தில் மருதமரக் கிளையேறி மடுவிற் குதித்து அடிமணல் அள்ளி வந்ததை எண்ணி ஏங்குகிறார். எண்ணுவதோடு சரி, மறுபடியும் அவர் மரமேறுவதில்லை. எங்கள் காலத்தில் இங்கிலாந்தில் முதியவர்கள் சிலர் மறுபடியும் மரமேறினார்கள். அந்தக் கதையையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

றொக் இசை இளைஞருக்கென்று பிறந்தது. அது ஒருநாள் முதுமையடையும் என்று அதை வளர்த்தவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. பீற்றில்ஸ் குழுவினர் 1966 ஓகஸ்ட் 29ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோவில் தங்கள் கடைசிக் கட்டணக் கச்சேரியை முடித்தபோது அவர்களுள் மூத்தவருக்கு வயது 26. நான்கு ஆண்டுகளில் குழுவே கலைந்தது. 1980 டிசம்பர் 8ஆந் திகதி ஜோன் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அந்த நால்வரும் மறுபடி ஒன்றுசேர்வார்கள் என்ற நம்பிக்கையும் அற்றுப்போயிற்று. பிணக்காலும் மரணத்தாலும் கலைந்த ஏனைய குழுக்களும் இசைத்தட்டுகளை மாத்திரம் விட்டுச் சென்றன. இசைத்தட்டுக்கு வயது போவதில்லை. பின்னாளில் மேடைக்குத் திரும்பியவர்களுக்கு அதுவே பெரும் பகையாயிற்று.

எங்களைப் போன்றவர்களுக்கோ இவர்களைக் காண்பது என்ற பேச்சே இருக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில், மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தைக் கொண்டுதான் பாட்டுக் கேட்டோம். என் சின்ன மாமாவிடம் நாலைந்து ஆங்கிலக் கசெற்றுகள் இருந்தன. கை ஓய்ந்தாற் பாட்டின் சுருதியும் இறங்கிவிடும். லெட் செப்பலின் குழுவின் றொபேட் பிளாண்ட் எங்கள் வீட்டு விறாந்தையில் எத்தனையோ முறை குரல் தாழ்ந்து முனகி, மாமா அதட்டியதும் மறுபடி உச்சத்துக்கு ஏறியிருக்கிறார். மேளக்காரன் இறந்ததால் 1980இலேயே அந்தக் குழு கலைந்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மேளக்காரன் என்றது ஜோன் பொனமை. 1980 செப்ரெம்பர் 25ஆந் திகதி அவர் இறந்தார். அவரின்றி இயங்குவதில்லையென்று டிசம்பரில் மற்ற மூவரும் அறிவித்தனர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1985 யூலை 13ஆந் திகதி, எதியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் 'லைவ் எயிட்' நிகழ்ச்சி நடந்தது. பிலடெல்பியா மேடையில் அந்த மூவரும் திரும்பத் தோன்றினர். இரண்டு மேளக்காரர், அவர்களில் ஒருவரான பில் கொலின்ஸ் அன்றே இலண்டன் மேடையிற் பாடிவிட்டுக் கொன்கோர்ட் விமானத்திற் பறந்து வந்தவர். ஒத்திகை பேருக்குத்தான். பாடகரின் தொண்டை கட்டியிருந்தது. ஜிமி பேஜின் கிற்றார் சுருதி சேரவில்லை. சனம் ஆர்ப்பரித்தது உண்மை. ஆனால் இசைத்தவர்களுக்கு அது வெட்கமாகவே இருந்தது. பின்னாளில் அந்நிகழ்ச்சி ஒளித்தட்டாக வெளிவந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்கள் இணங்கவில்லை. தம் ஆக்கத்தைத் தாமே தள்ளிவைக்கும் அந்த நேர்மை நம் எழுத்தாளருக்கும் வேண்டியதொன்று. அது நிற்க.

திரும்பி வருவதிற் பணம் உண்டென்பதை அமெரிக்காவின் ஈகிள்ஸ் குழு காட்டிற்று. நரகம் பனியாய் உறைந்தாற்றான் மறுபடி ஒன்றுசேர்வோம் என்று 1980இற் பிரிந்தவர்கள், 1994இல் அந்தச் சொல்லையே சுற்றுப்பயணத்தின் பெயராக்கிக்கொண்டு வந்தனர். நுழைவுச்சீட்டு 100 டொலரைத் தாண்டிற்று. அதன் பிறகு மீள்வருகை ஒரு வியாபாரமாகவே மாறியது. பழைய பாட்டை இசைத்தட்டில் உள்ளவாறே ஒப்புவிக்கும் கச்சேரிகள் மலிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை.

சொல்ல வேண்டியது கிறீம் குழுவைப் பற்றி. எரிக் கிளப்டன், ஜக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகிய மூவரும் 1966இற் கூடி, 1968 நவெம்பர் 26ஆந் திகதி இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்திற் பிரியாவிடைக் கச்சேரி செய்தார்கள். புரூசுக்கும் பேக்கருக்கும் ஆகாது. இசையும் அப்படித்தான்: மேடையில் ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து ஒருவரை ஒருவர் அமுக்கினர். ஒருமுறை கிளப்டன் இடையில் வாசிப்பதை நிறுத்திவிட, மற்ற இருவரும் கவனிக்காமலே தொடர்ந்தார்களாம். 2005 மே மாதம் அதே மண்டபத்தில் நான்கு இரவுகள் அவர்கள் மீண்டும் வாசித்தனர். கிளப்டனுக்கு 60, பேக்கருக்கு 65. புரூஸ் 2003இல் ஈரல் மாற்றுச் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர். பேக்கரை மூட்டுவாதம் வாட்டிக்கொண்டிருந்தது. இம்முறை சிறிய ஒலிபெருக்கிகள், தணிந்த ஓசை. வேகம் குறைந்திருந்தது. ஆனால் ஒளிப்பதிவைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது, மூவரும் ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்கிறார்கள் என்பது. 1968ஆம் ஆண்டு இசைத்தட்டுகளில் மின்னல் உண்டு. இந்தச் செவிசாய்ப்பு இல்லை. முதுமை பறித்ததைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அது கொடுத்ததும் ஒன்றுண்டென்று எண்ணிக்கொண்டேன். அவ்வாண்டு ஒக்ரோபரில் நியூயோர்க்கில் வாசித்தபோது பழைய பிணக்கு மறுபடி தலைதூக்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே ஆண்டு யூலை 2ஆந் திகதி இலண்டன் ஹைட் பூங்காவில் நடந்த 'லைவ் 8' நிகழ்ச்சியிற் பிங்க் புளொயிட் குழுவின் நால்வரும் 24 ஆண்டுகளுக்குப் பின் ஒரே மேடையில் நின்றனர். நான்கே பாட்டுகள். அவற்றுள் ஒன்றை, 1968இலேயே மனநலங் குன்றிக் குழுவிலிருந்து விலகிய சிட் பரெற்றுக்குக் காணிக்கையாக்கினார்கள். மறு ஆண்டு பரெற் இறந்தார். 2008இல், மேடையில் நின்ற நால்வருள் ஒருவரான றிச்சட் றைற்றும் இறந்தார். நூல் நுனியிற் கிடைத்த வாய்ப்பு அது.

லெட் செப்பலினின் இரண்டாம் வருகை 2007 டிசம்பர் 10ஆந் திகதி இலண்டன் ஓ2 அரங்கில் நிகழ்ந்தது. அரங்கில் ஏறத்தாழ 18,000 பேர் இருக்கலாம். நுழைவுச்சீட்டுக் கேட்டு வந்தவை இரண்டு கோடி விண்ணப்பங்கள். அவற்றுள் ஒன்று, இலண்டனுக்குப் போய்க் குடியேறிவிட்ட என் சின்ன மாமாவுடையது. கிடைக்கவில்லை. இம்முறை பல வாரம் ஒத்திகை பார்த்தார்கள். பேஜின் விரல் முறிந்ததால் நிகழ்ச்சியே இரண்டு வாரம் பின்போடப்பட்டது. மேளத்தில் அமர்ந்தவர் ஜோன் பொனமின் மகன் ஜேசன்; தந்தை இறக்கும்போது 14 வயதுச் சிறுவன். தவில் வித்துவானின் மகன் தந்தையின் இடத்தில் வந்து அமர்வதை நாம் கோயில் வீதிகளிற் கண்டவர்கள். அதில் உள்ள பாரம் நமக்குப் புரியும். பிளாண்டுக்கு 59 வயது. சில பாட்டுகளைச் சுருதி இறக்கிப் பாடினார். இளமையில் வீரிட்டு ஏறிய இடங்களில் ஏறாமல், வேறொரு வழியாகச் சுற்றி வந்து பொருளைத் தொட்டார். நம் இசையுலகில் மூத்த வித்துவான் சுருதியைக் குறைத்துக்கொண்டாற் சபை அதைக் குறையென்று கொள்வதில்லை. றொக் இசைக்கு இந்தப் பாடம் புதிது.

2012இல் அக்கச்சேரியின் ஒளித்தட்டு வெளிவந்தது. மாமா ஒன்றை வாங்கி எனக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி எடுத்தார். "சுருதி இறக்கிப்போட்டாங்கள், கவனிச்சனியே தம்பி?" என்றார். "எங்கடை சைக்கிள் இறக்கின அளவுக்கு இல்லை, மாமா" என்றேன். சிரித்தார். பிறகு, "முப்பது வருஷம் கேட்டனான், இப்பதான் ஆளைப் பார்க்கிறன்" என்றார். மற்றவர்களுக்கு இரண்டாவது காட்சி; அவருக்கு அதுதான் முதலாவது.

சுருதி இறக்குவதில் றொக் இசையின் இன்னொரு கதை அடங்கியிருக்கிறது. பேர்மிங்ஹாம் நகரத்தின் ஆஸ்ரன் பகுதி தொழிலாளர் வாழுமிடம். அங்கே தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த 17 வயது ரொனி அயோமியின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை, வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், இயந்திரம் துண்டித்துவிட்டது. இடக்கைப் பழக்கமுள்ளவராதலால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரற்கவசம் செய்து மாட்டிக்கொண்டார். இறுகிய தந்தி விரலுக்கு நோவு தந்ததால் அதைத் தளர்த்தினார். 1971ஆம் ஆண்டு இசைத்தட்டில் அது மூன்று அரைச்சுரம் வரை இறங்கிற்று. அந்தத் தளர்ந்த தந்தியின் கனத்த ஓசையிலிருந்து எழுந்ததே ஹெவி மெற்றல் என்னும் இசைவகை. 1968இல் அவரோடு ஒஸி ஒஸ்போர்ண், கீசர் பட்லர், பில் வார்ட் ஆகிய அயலூர்ப் பையன்கள் சேர்ந்து அமைத்த குழு பிளாக் சபத்.

ஒஸி 1979இல் நீக்கப்பட்டார். பின் கூடினர், பிரிந்தனர். 2017 பெப்ரவரி 4ஆந் திகதி பேர்மிங்ஹாமில் நடத்திய இறுதிக் கச்சேரியில் வார்ட் இல்லை, ஒப்பந்தப் பிணக்கு. நால்வரும் சேராத முடிவு முடிவாகாது என்று ஊர் முறையிற் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பலர்.

2025 யூலை 5ஆந் திகதி அந்த முறை தீர்ந்தது. இடம் ஆஸ்ரனில் உள்ள வில்லா பார்க் உதைபந்தாட்ட மைதானம். அவர்கள் பிறந்து வளர்ந்த தெருக்களுக்கு அண்மையில். வார்ட்டுக்கு 77, அயோமிக்கு 77, பட்லருக்கு 76 நிறைய இன்னும் சில நாட்கள். ஒஸிக்கு 76, பார்க்கின்சன் நோயால் நடக்க இயலாதவர். மேடைக்கு அடியிலிருந்து ஒரு கரிய சிம்மாசனம் எழுந்து வந்தது. அதில் இருந்தபடியே பாடினார். முதலில் தம் சொந்தப் பாட்டுகள் ஐந்து. அவற்றில் தாயை விளித்து வீடு திரும்புவதாய்த் தொனிக்கும் பாட்டு வந்தபோது குரல் தளும்பிற்று. விட்ட இடங்களைச் சனம் பாடி நிரப்பியது. பிறகு மற்ற மூவரும் வந்து சேர, சபத்தின் நான்கு பாட்டுகள். நான் இங்கிருந்து திரையிற் பார்த்தேன். கால்கள் அசையவில்லை, கைகளும் கண்களும் அடங்கவில்லை. எழுந்துவிட வேண்டுமென்று அந்த உடம்பு நாற்காலியோடு மல்லுக்கட்டியதைப் பார்த்தேன். ஓடியாடித் திரிந்த நாட்களின் ஒளிப்பதிவுகள் எத்தனையோ இருக்க, என் மனதில் நிற்பது இதுதான்.

அது நிகழ்ந்து 17ஆம் நாள், யூலை 22ஆந் திகதி, ஒஸ்போர்ண் காலமானார். யூலை 30ஆந் திகதி அவருடைய இறுதி ஊர்வலம் பேர்மிங்ஹாம் புறோட் வீதியால் வந்து, பிளாக் சபத்தின் பெயர் சூட்டப்பட்ட சிறு பாலத்தில் தரித்தது. முன்னே ஊர்ப் பித்தளை வாத்தியக்காரர், சபத்தின் பாட்டை வாசித்துக்கொண்டு நடந்தார்கள்.