மலையகத் தோட்டங்களில் நீர்மின் வேலைகள்: கட்டங்கட்டமான பொறியியல் முறை வளர்ந்த வரலாறு

ஒரு வாடிக்கையாளருக்கென்றே உருவாக்கப்படும் மின் சாதனம் ஒரே கைமாற்றில் முடிகிற வியாபாரம் அல்ல. இடத்தை அளக்க வேண்டும், தேவையை வரையறுக்க வேண்டும், வடிவமைக்க வேண்டும், செய்து சோதிக்க வேண்டும், நிறுவ வேண்டும், இயக்கக் கற்றுக்கொடுத்து ஒப்படைக்க வேண்டும். வேலை இப்படிக் கட்டங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் இரு தரப்பும் ஒரு தீர்மானத்துக்கு வருகின்றன. பெரும்பாலும் பணத்தின் ஒரு பங்கும் அப்போது கைமாறுகிறது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் இம்முறைக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. தேயிலைத் தொழிற்சாலைகளுக்காக ஓடைகளில் அமைந்த சிறு நீர்மின் நிலையங்களும், பிற்காலத்தில் அவற்றுக்கென்று தனித்தனியே செய்யப்பட்ட இலத்திரனியல் கட்டுப்பாட்டுக் கருவிகளுமே அதற்குச் சான்று. இந்நீண்ட காலத்தில் கட்டங்களின் வரிசை அவ்வளவாக மாறவில்லை. எந்தக் கட்டத்தை யார் செய்தார், வாடிக்கையாளர் என்று எவர் கருதப்பட்டார் என்பவையே மாறின.

கடிதத்தில் நடந்த வடிவமைப்பு

1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் காபியை அழித்தது. 1880களில் மலைநாடு தேயிலைக்கு மாறியபோது ஒவ்வொரு பெருந்தோட்டத்துக்கும் ஒரு தொழிற்சாலை தேவைப்பட்டது. கொழுந்தை உருட்டவும், உலர்த்தும் அடுப்புக்குக் காற்றை ஊதவும், தூளைச் சலிக்கவும் இயந்திரங்கள் வந்தன. கூரைக்கடியில் ஓடும் நீண்ட இரும்புத் தண்டொன்று சுழல, அதிலிருந்து தோல்பட்டிகள் ஒவ்வோர் இயந்திரத்தையும் சுழற்றின. அந்தத் தண்டைச் சுழற்ற நிலக்கரியோ எண்ணெயோ மலையேறி வரவேண்டியிருந்தது. ஓடைநீர் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. முதலில் நீர்ச்சக்கரங்களும் பின்னர் இங்கிலாந்தின் கெண்டல் நகர கில்க்ஸ் போன்ற நிறுவனங்களின் சுழலிகளும் இடம்பெற்றன. மலைநாட்டுத் தோட்டங்களில் இவ்வாறு அமைந்த சிறு நிலையங்கள் ஏறத்தாழ 500 என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

சுழலியைக் கையிருப்பிலிருந்து எடுத்து அனுப்பிவிட முடியாது. நீர் விழும் உயரமும், ஒரு செக்கனுக்குப் பாயும் நீரின் அளவும் தெரிந்தால்தான் அதன் வாளிகளின் அளவையும் வேகத்தையும் முடிவு செய்யலாம். 50 மீற்றர் உயரத்திலிருந்து செக்கனுக்கு 40 லீற்றர் நீர் இறங்கினால் அதிலுள்ள ஆற்றல் சுமார் 20 கிலோவாட். சிறு நிலையத்தில் அதில் பாதியளவு மின்சாரமாகக் கிடைக்கலாம். உயரம் எந்நாளும் ஒன்றுதான். நீரின் அளவோ மாதத்துக்கு மாதம் வேறு. மலையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தும் அது வேறுபடும்.

உடப்புசல்லாவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹட்டன் பக்கத்து ஓடைகள் மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையில் பெருகுகின்றன. நுவரெலியாவுக்குக் கிழக்கே சரியும் உடப்புசல்லாவைத் தோட்டங்களில் யூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசுகிறது. தேயிலையின் தரம் உச்சத்தைத் தொடும் பருவமும் அதுவே. ஹல்கரன் ஓயா, குருந்து ஓயா பக்கத்துச் சிற்றோடைகள் வடகீழ்ப் பருவமழையோடுதான் நிரம்புகின்றன. ஹட்டன் தோட்டமொன்றுக்குச் சரியாக அமைந்த சுழலியை அப்படியே இங்கே வைத்தால், நல்ல விலை கிடைக்கும் மாதங்களில் அது நீரின்றித் திணறும். ஆகவே அளவெடுப்பு என்ற முதற்கட்டம் ஒருநாள் வேலையாக இருக்க முடியாது. குறைந்தது ஒரு வறட்சிப் பருவமாவது நீரோட்டத்தைக் குறித்துவைக்க வேண்டும்.

அக்காலத்தில் இந்தக் கட்டங்கள் கடிதங்களின் வழியே நடந்தன. அளவை எடுத்தவர் துரை எனப்பட்ட தோட்ட நிர்வாகி. இடையில் நின்றவை, கண்டியில் காபிக் காலத்திலேயே வேரூன்றிய வாக்கர் போன்ற பொறியியல் நிறுவனங்கள். வடிவமைத்தவர் கடலுக்கு அப்பாலிருந்த உற்பத்தியாளர். கேள்வி கப்பலேறிப் போய், விடை கப்பலேறி வர வாரங்கள் பிடித்தன. அதனால் முதற்கடிதத்திலேயே எல்லா அளவும் சரியாக இருக்க வேண்டியிருந்தது. பின்னாளில் தேவை வரையறை ஆவணம் என்று அறியப்பட்டதன் வேலையை அந்தக் கடிதங்களே செய்தன. குழாய்களையும் இரும்பையும் கொண்டுசேர்க்கும் வழியும் வடிவமைப்பைக் கட்டுப்படுத்தியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சென்ற குறுகிய அகல உடப்புசல்லாவை ரயில் பாதை 1904இல் முழுமை பெற்றது. 1940களில் அது மூடப்படும் வரை தேயிலைப் பெட்டிகள் இறங்கியதும் தோட்டத்துச் சரக்குகள் ஏறியதும் அவ்வழியே. நிலையத்துக்கு அப்பால் மாட்டுவண்டியும் ஆள்தோளுமே. ஒரு குழாய்த் துண்டின் நீளமும் எடையும் அதற்கு அடங்கவேண்டும்.

இந்த ஒழுங்கில் பதிவுபெறாமல் போன ஒரு தரப்பு உண்டு. நீர்க்காலை வெட்டியவர்கள், குழாயைச் சுமந்தவர்கள், தொழிலாளர் ‘ஸ்டோர்’ என்றழைத்த தொழிற்சாலையில் இரவு முழுக்கச் சுழலியின் ஓசையைக் கேட்டே அதன் நலத்தை அறிந்த ஃபிட்டர்கள் ஆகியோர் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களே. நிறுவியவர் போனபின் பல பத்தாண்டுகள் அந்த இயந்திரங்களை ஓடவைத்த அறிவு அவர்களிடம் இருந்தது. ஒப்பந்தங்களில் அதற்கு இடமில்லை.

அரசு செய்த பெருவேலைகள்

தோட்டங்கள் தத்தம் ஓடைகளோடு நின்றபோது, ஆறுகளை நாட்டுக்கே பயன்படுத்தலாம் என்று கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் அவர் அமைத்த சிறு நிலையம் 1912இல் நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீராற்றலை விரிவாக ஆராய்ந்து 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் கட்டுரை வாசித்தார். அந்நீரைப் பயன்படுத்தும் லக்சபான நீர்மின் திட்டத்தின் வேலை 1924இல் தொடங்கி 1927இல் நின்றது. 1938இல் மீண்டும் தொடங்கியது. முதற்கட்டம் 1950இல்தான் மின்சாரம் தந்தது. அளவெடுப்பும் வடிவமைப்பும் செம்மையாக முடிந்திருந்தும், அடுத்த கட்டத்துக்குப் பணம் கொடுக்கும் தீர்மானம் உறுதியாக இல்லாவிட்டால் ஒரு தலைமுறையே கழிந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மலைநாட்டில் இல்லை.

லக்சபான மின்கம்பிகள் பரவப் பரவத் தோட்டத்து நிலையங்கள் கைவிடப்பட்டன. தேய்ந்த சுழலியைப் பழுதுபார்ப்பதைவிடப் பொதுமின்சாரம் மலிவாகவும் தொல்லையின்றியும் கிடைத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரச நிறுவனங்களின் கைக்கு மாறியபோது பழைய வரைபடங்களும் கோப்புகளும் பல இடங்களில் சிதறின.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் வருகை

1970களின் எண்ணெய் விலையேற்றம் இந்தப் பழைய நிலையங்களை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது. பிரித்தானியாவின் இடைநிலைத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழு, இலங்கை மின்சார சபையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து அவற்றைப் புதுப்பிக்க முனைந்தது. அப்போது எதிர்ப்பட்ட சிக்கல் சுழலியில் இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் இருந்தது. மின்பாவனை குறைந்தால் மின்பிறப்பாக்கி வேகமெடுக்கும், கூடினால் தளரும். பழைய கவர்னர் சுழலும் குண்டுகளால் இதை உணர்ந்து நீர்வாயிலைத் திறந்து மூடியது. விலை உயர்ந்த அந்தப் பொறிக்குத் தேய்ந்த உறுப்புகளை மாற்ற உதிரிகள் கிடைக்கவில்லை.

இலத்திரனியல் இதைத் தலைகீழாக்கித் தீர்த்தது. நீரின் அளவைத் தொடாமல் சுமையை மாறாமல் வைத்துக்கொண்டால் போதும். பாவனையாளர் பயன்படுத்தாத மின்சாரத்தைத் தைரிஸ்டர் என்ற இலத்திரனியல் ஆளிகள் நொடிப்பொழுதில் வெப்பத்தடைகளுக்குத் திருப்பிவிடும். மீடிறன் 50 ஹேட்ஸை ஒட்டியே நிற்கும். சிறிய நிலையங்களில் செலவை இன்னும் குறைக்க, சாதாரணத் தூண்டல் மோட்டாரையே மின்பிறப்பாக்கியாக்கிக் கபாசிட்டர்களால் தூண்டி, மீடிறனுக்குப் பதிலாக வோல்ட்டளவைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை இணைத்தனர். 1980களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைப் பட்டறைகள் இத்தகைய சுழலிகளையும் பெட்டிகளையும் தாமே செய்யத் தொடங்கின. இத்தகைய சிறு நிலையங்களின் வடிவமைப்புக் கட்டம் கடல்கடந்து நாட்டுக்குள் வந்தது அப்போதுதான். இந்த வரலாற்றில் மிகப்பெரிய மாற்றமாக இதையே கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியும் ஓர் இடத்துக்கென்றே செய்யப்படுவது. வெப்பத்தடையின் கொள்ளளவு மின்பிறப்பாக்கியின் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த வெப்பத்தைக் காற்றில் விடுவதா, நீரில் விடுவதா, கொழுந்து வாட்டும் காற்றோடு கலப்பதா என்பது தொழிற்சாலையின் அமைப்பைப் பொறுத்தது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைநாட்டில் இடிமின்னல் கடுமை. நீண்ட கம்பி வழியே வரும் அதிர்ச்சியிலிருந்து சுற்றுகளைக் காக்க மின்னல் தடுப்பிகள் வேண்டும். உடப்புசல்லாவை போன்ற பனிமூட்டமான இடங்களில் ஈரம் புகாத மூடியும் வேண்டும்.

இதனால் கட்டங்களுக்குள்ளேயே உட்கட்டங்கள் பிறந்தன. பெட்டி மலையேறுமுன் பட்டறை மேசையில் விளக்குகளைச் சுமையாக வைத்துச் சோதிக்கப்படும். இயக்கி ஒப்படைக்கும் நாள்தான் உண்மையான தேர்வு. மும்முனை (three-phase) மோட்டாரிலிருந்து ஒருமுனை மின்சாரம் எடுக்கும்போது, ஒரு சுருளுக்கு ஒரு மடங்கும் மற்றொன்றுக்கு இரு மடங்குமாகக் கபாசிட்டர்கள் பொருத்தப்படுகின்றன. சுழலும் திசைக்கு ஏற்ப இவை இணைக்கப்படாவிட்டால் மின்சாரம் வரும், விளக்கும் எரியும். ஆனால் ஒரு சுருள் மட்டும் சூடேறிச் சில நாளில் கருகும். எனவே ஒவ்வொரு சுருளின் மின்னோட்டத்தையும் அளந்து, அவை ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். அடுத்து எல்லாச் சுமையையும் ஒரேயடியாகத் துண்டித்து, வோல்ட்டளவு எவ்வளவு துள்ளி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று குறிக்கிறார்கள். மோட்டாரின் எஞ்சிய காந்தம் அழிந்து மின்சாரம் எழாமல் போனால், 12 வோல்ட் பாட்டரியைச் சற்றே தொடவைத்து அதை மீட்பது எப்படி என்று இயக்குநருக்குக் காட்டுகிறார்கள். இச்சிறு செயலை அவர் கற்றிருந்தால் நிலையம் அன்றே ஓடும். இல்லையேல் நகரிலிருந்து ஆள் வரும்வரை இருள்தான்.

பணம் வகுத்த கட்டங்கள்

1990களில் இம்முறைக்கு எழுத்து வடிவம் கொடுத்தது நிதிதான். 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட தனியார் நிலையங்களிடமிருந்து மின்சாரம் வாங்க மின்சார சபை ஒரு பொது ஒப்பந்த வடிவை உருவாக்கியது. உலக வங்கியும் உலகச் சுற்றாடல் நிதியமும் உதவிய எரிசக்திச் சேவைக் கருத்திட்டம் 1997 முதல் 2002 வரையும், அதைத் தொடர்ந்த கிராமியப் பொருளாதார அபிவிருத்திக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கருத்திட்டம் 2002 முதல் 2011 வரையும் நடந்தன. மின்கம்பி எட்டாத மலைக்கிராமங்களில் வீட்டார் சேர்ந்து மின்பாவனையாளர் சங்கம் அமைத்தால், நிலையத்துக்குக் கடனும் மானியமும் கிடைத்தன. ஆலோசகர் முதலில் இடத்தைப் பார்த்துச் சாத்தியத்தை அறிக்கையிட வேண்டும்; வடிவமைப்பைப் பொறியியலாளர் ஒருவர் சரிபார்க்க வேண்டும்; கட்டி முடித்து மின்சாரம் எழுந்ததை உறுதிசெய்த பிறகே இறுதிப் பணம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்போது கையொப்பம் தேவைப்பட்டது.

துரையின் இடத்தில் ஒரு சங்கம் வாடிக்கையாளராக வந்தமர்ந்ததால் தேவை வரையறைக் கட்டத்தின் தன்மையே மாறியது. துரையிடம் கேட்க வேண்டியவை நீரின் அளவுகளும் தண்டின் வேகமும்தான். சங்கத்திடமோ, வீட்டுக்கு எத்தனை வாட், மின் இஸ்திரிப் பெட்டி பயன்படுத்தலாமா, வறட்சி மாதத்தில் யார் விளக்கு முதலில் அணையும், இயக்குநருக்குச் சம்பளம் யார் தருவது என்றெல்லாம் கேட்டு முடிவுகாண வேண்டியிருந்தது. மக்கள் கூட்டத்தில் எட்டப்பட்ட இந்த முடிவுகளே சுற்றமைப்பின் அளவுகளாயின. ஒவ்வொரு வீட்டுக்கும் பொருத்திய சிறு மின்னோட்ட வரம்புச் சாதனம் அத்தகைய முடிவொன்றின் உலோக வடிவம்தான்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோரை இந்த ஏற்பாடு எளிதில் எட்டவில்லை. கிராமத்தவருக்குச் சொந்த வீடும் சங்கம் அமைக்கும் சுதந்திரமும் இருந்தன. லயம் தோட்டத்தின் சொத்து, ஓடையும் தோட்டத்து எல்லைக்குள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்ற பின்னும், தொழிற்சாலையில் பல்லாண்டுகளாக ஒளிர்ந்த மின்சாரம் நூறு யார் தள்ளியிருந்த வரிசை வீடுகளில் இல்லாத நிலை பல இடங்களில் நீடித்தது. தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை ஏதுமில்லை. உருட்டும் இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் மாலை வேளையின் உபரி மின்சாரம் லயங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கக்கூடும். நீர்க்காலை வெட்டிய மக்களை வாடிக்கையாளராக எவரும் எண்ணாததால் அவர்களின் தேவை எந்த வரையறையிலும் எழுதப்படவில்லை. இது அநீதி என்பதைத் தொழில்நுட்ப வரலாறும் பதிவுசெய்யக் கடமைப்பட்டிருக்கிறது. பின்னர் லயங்களுக்கு வந்த ஒளி பெரும்பாலும் பொதுமின்சாரத்தின் விரிவாக்கத்தால் வந்தது.

அதே விரிவாக்கம் கிராமத்து நிலையங்களை மூடவும் வைத்தது. மின்சார சபையின் கம்பி வந்ததும் சங்கத்தார் விலகினர். சில நிலையங்கள் மட்டும் உற்பத்தியைப் பொதுக்கட்டமைப்புக்கு விற்கும்படி மாற்றப்பட்டன. அதற்குப் பழைய பெட்டி உதவாது. தனித்து ஓடும் நிலையம் தன் மீடிறனைத் தானே காக்க வேண்டும். கட்டமைப்போடு இணைந்தது கட்டமைப்பின் மீடிறனைப் பின்பற்ற வேண்டும். வெளியே மின்தடை ஏற்பட்டவுடன் தானும் விலக வேண்டும்; இல்லையேல் கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து. ஆகவே பாதுகாப்பு ரிலேக்கள், புதிய சோதனைகள், மின்சார சபையின் ஒப்புதல் என்று வேலை மறுபடியும் முதற்கட்டத்திலிருந்து தொடங்கியது. ஒப்படைப்பின்போது சுற்று வரைபடமும், இயக்கி அளந்த எண்களும், நீரோட்டப் பதிவேடும் கைமாறியிருந்த இடங்களில் இந்த மாற்றம் எளிது. வரைபடம் செய்தவரிடமே தங்கிவிட்ட இடங்களில் ஒரு தைரிஸ்டர் எரிந்ததே நிலையத்தை நிறுத்தப் போதும். அதனால்தான் வரைபடங்களும் உதிரிப்பாகங்களும் பயிற்சியும் இறுதித் தவணை கொடுக்குமுன் வாடிக்கையாளரின் கைக்கு வரவேண்டும் என்ற விதி, இத்தகைய ஒப்பந்தங்களில் மற்ற எந்த விதியையும்விடக் கண்டிப்பாக எழுதப்பட வேண்டியதாகிறது.