மூணுன்னா எவ்வளவு?

கார்ட்டூன் பார்த்தா குழந்தைக்குக் கணக்கு வருமா? இன்னைக்கு இதைத்தான் பேசப்போறோம். "ஒன்னுலேர்ந்து இருபது வரைக்கும் கடகடன்னு சொல்றான், எல்லாம் யூட்யூப் பார்த்தே கத்துக்கிட்டான்" என்று ஒருவர் பெருமைப்படுவார். "கண்ணுதான் கெட்டுப்போகும்" என்பார் பக்கத்தில் இருப்பவர். இந்தச் சண்டை புதுசு இல்ல. அறுபது வருஷத்துக் கதை, ஆரம்பித்த இடம் நியூயார்க்.

1966. டிவி தயாரிப்பாளர் ஜோன் கான்ஸ் கூனி வீட்டில் ஒரு விருந்து. வந்திருந்தவர்களில் ஒருவர் லாயிட் மாரிசெட், கார்னகி கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளையில் உயர் பொறுப்பில் இருந்த உளவியலாளர். அவருடைய மூன்று வயது மகள் விடிகாலையில் எழுந்து, நிகழ்ச்சிகள் தொடங்கும் முன்பே, அசையாத டெஸ்ட் பேட்டர்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். டிவியால் இந்த வயதுக் குழந்தைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கூனியிடம் கேட்டார்.

கூனி ஊர் ஊராகப் போய் நிபுணர்களிடம் பேசினார். அவர் கவனித்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது: அமெரிக்கக் குழந்தைகள் பீர் விளம்பரப் பாட்டை வரி மாறாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். சின்னதா ஒரு படம், மனசுல ஒட்டுற ஒரு மெட்டு, திரும்பத் திரும்ப ஒளிபரப்பு. பீரை விற்கிற இந்த வித்தையை வைத்து எண்களை விற்க முடியாதா?

80 லட்சம் டாலர் திரண்டது. 1969 நவம்பர் 10 அன்று 'செசமி ஸ்ட்ரீட்' வந்தது. முதல் எபிசோடின் 'ஸ்பான்சர்கள்' யார் தெரியுமா? டபிள்யூ, எஸ், இ என்ற எழுத்துகளும், 2, 3 என்ற எண்களும். இது வெறும் ஜோக் இல்ல. எண்களுக்கு நிஜமாகவே விளம்பரம் எடுத்தார்கள். ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் கிரேஸ் ஸ்லிக் பாட, ஜாஸ் இசையில் எண்கள் துள்ளும் கார்ட்டூன்கள் அப்படி வந்தவைதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களின் ஆராய்ச்சிப் பிரிவு. எட்வர்ட் பால்மர் என்பவர் குழந்தையை டிவி முன் உட்காரவைத்து, பக்கத்திலேயே இன்னொரு திரையில் ஸ்லைடு படங்களை ஓடவிடுவார். ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாறும். குழந்தையின் கண் எந்த நொடியில் டிவியை விட்டு ஸ்லைடு பக்கம் திரும்புகிறதோ, அந்த நொடி நிகழ்ச்சியில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். குறித்துக்கொண்டு மாற்றுவார்கள்.

இன்னொரு கண்டுபிடிப்பு நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் மூலம் வந்தது. பின்னாளில் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்தவர். எழுத்துகளையும் எண்களையும் கனத்த குரலில், ஒவ்வொன்றுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டுச் சொன்னார். முதல் தடவை குழந்தைகள் அவர் சொன்ன பிறகு சொன்னார்கள். சில தடவை பார்த்ததும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கத்தினார்கள். பெரியவர்களுக்கு அறுக்கிற அந்த இடைவெளிதான் குழந்தை பேசுவதற்கான இடம்!

1970இல் இடிஎஸ் என்ற தேர்வு நிறுவனம் சோதித்துப் பார்த்தது. அதிகம் பார்த்த குழந்தைகள் அதிகம் கற்றிருந்தார்கள்.

அடுத்த கதையிலும் ஒரு விளம்பரக்காரர். டேவிட் மெக்கால், நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் நடத்தியவர். அவர் மகனுக்கு ராக் பாட்டெல்லாம் மனப்பாடம், பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் ஏறவில்லை. அப்போ வாய்ப்பாட்டையே பாட்டாக்கிட்டா? பாப் டொரோ என்ற ஜாஸ் கலைஞர் மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு மெட்டுப் போட்டார், டாம் யோ படம் வரைந்தார். 1973 ஜனவரியில் இருந்து ஏபிசி சேனலில் சனிக்கிழமை காலை கார்ட்டூன்களுக்கு நடுவே மூன்று நிமிடப் படங்களாக ஓடியது. அதுதான் 'ஸ்கூல்ஹவுஸ் ராக்'. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு, பன்னிரண்டு விரல் கொண்ட ஒரு வேற்றுக்கிரகவாசியைக் கொண்டுவந்து, பத்துக்குப் பதில் பன்னிரண்டை அடிப்படையாக வைத்து எண்ணுவது எப்படி என்றே காட்டினார்கள். சனிக்கிழமை காலையில், சிரியல் சாப்பிடுகிற குழந்தைக்கு! துணிச்சல்தான்.

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். நம்ம மொழியில் 'வாய்ப்பாடு' என்ற சொல்லிலேயே வாய் இருக்கிறது. வாய் பாடினால் போதுமா?

1978இல் ரோச்செல் கெல்மனும் காலிஸ்டலும் எழுதிய புத்தகம் எண்ணுவதைப் பல துண்டுகளாகப் பிரித்துக் காட்டியது. வரிசையாகச் சொல்வது ஒன்று. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது இன்னொன்று. 1990இல் கேரன் வின் இதை எளிமையாகச் சோதித்தார். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து, "மூணு கொடு" என்று கேட்டார். அதற்கு மேலேயே எண்ணத் தெரிந்த குழந்தைகளில் பலர் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு 'மூணு' என்பது இன்னும் ஒரு பாட்டின் சொல்தான்.

செசமி ஸ்ட்ரீட் பாடத்திட்டத்தில் இந்தப் புரிதலும் ஓர் இலக்காக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் விளம்பர வடிவத்துக்குக் கைவந்தது என்னவோ ஒலிதான்.

இதே கேள்விக்கு வேறொரு பதில் அதற்கு முன்பே பெல்ஜியத்தில் இருந்தது. ஜார்ஜ் குசினேர் ஒரு பள்ளி ஆசிரியர், வயலின் வாசிப்பவர். பாட்டை உடனே பிடித்துக்கொள்ளும் குழந்தைகளுக்குக் கணக்கு ஏன் கசக்கிறது என்று அவரும் யோசித்ததாகச் சொல்வார்கள். மெக்கால் கேட்ட அதே கேள்வி! ஆனால் குசினேர் கணக்கைப் பாட்டில் ஏற்றவில்லை. பியானோ கட்டைகளைப் போல, கையில் பிடிக்கிற பொருளாக்கினார். 1 சென்டிமீட்டரில் இருந்து 10 வரை, நீளத்துக்கு ஒரு நிறம் என மரக்கோல்கள். 2 சிவப்பு, 3 இளம்பச்சை, 5 மஞ்சள். சிவப்பையும் பச்சையையும் ஒட்டி வைத்தால் மஞ்சளின் நீளம் வரும். யாரும் எதையும் மனப்பாடம் செய்யவில்லை, கண்ணே பார்த்துவிடுகிறது. 1952இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

இந்த இரண்டு வழிகளும் கார்ட்டூனில் சேர்ந்தது, என் பார்வையில், 2017இல். பிபிசியின் சிறுவர் சேனலான சிபீபீஸில் 'நம்பர்பிளாக்ஸ்' வந்தது. இதில் எண் என்பது பக்கத்தில் எழுதிய உருவம் இல்ல, கட்டைகளால் ஆன உடம்பு. மூன்று என்றால் மூன்று கட்டை. இரண்டாவது எபிசோடில் 'ஒன்று' தனியாக இருக்கிறாள், இன்னொரு 'ஒன்று' வருகிறாள், சேர்ந்தால் 'இரண்டு'. 'நான்கு' சதுரமாக நிற்கிறார். 'பன்னிரண்டு' தன்னையே அடுக்கி மாற்றி, மூணு நாலாகவும் ரெண்டு ஆறாகவும் நிற்கும். இங்கிலாந்தின் கணித ஆசிரியர் பயிற்சிக்கான தேசிய மையமும் இதற்கு ஆலோசனை சொன்னது. பாட்டும் உண்டு, ஆனால் பாட்டு நின்ற பிறகும் திரையில் மூன்று கட்டைகள் இருக்கும்.

திரை கை நீட்டிக் கேட்காது, அதை நீங்கதான் செய்யணும். வீட்டில் குட்டிக் குழந்தை இருந்தால், எண்ணச் சொல்லாமல், "மூணு பிஸ்கட் கொடு" என்று கேட்டுப் பாருங்க. மொத்தமாக அள்ளிக் கொடுத்தால் கவலைப்படாதீங்க, அந்த வயசுக்கு அது இயல்பு. பிஸ்கட்டை வாங்கிக்கிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துச் சேர்ந்து எண்ணுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.