அரூர்

தருமபுரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், சேலம்–வாணியம்பாடி சாலையில் அமைந்த வட்டத் தலைநகர். 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தென்பெண்ணைக்கு அருகிலுள்ள தீர்த்தமலைக்குச் செல்வோர் பலர் இவ்வூர் வழியாகப் போகின்றனர்.

ஊரின் உயிர்நாடி சந்தைதான். மஞ்சள், பருத்தி, மரவள்ளி, கரும்பு ஆகியவை சுற்றுவட்டாரப் பயிர்கள். மரவள்ளி சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கும், கரும்பு கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் போகின்றன. மஞ்சளும் பருத்தியும் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் ஏலம் போகின்றன. வியாபாரி விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்ப்பார். பஞ்சை விரலால் இழுத்து இழை நீளம் பார்ப்பார். அந்தச் சில நொடிகளில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் முடிவாகிவிடும்.

சித்தேரி மலையின் சந்தனமரம் இவ்வட்டத்துக்குத் தந்தது துயரமே. சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20-இல் வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களை வன்புணர்வு செய்தனர். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.